கோர்லை: நீர் சூழ்ந்த ஒரு மொழித் தீவு

காவிரிப்பூம்பட்டினத்தில் பல நாட்டார் பல மொழி பேசிக் கூடி வாழ்ந்த செய்தியைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. யவனர் குடியிருப்பும் அங்கே இருந்தது என்பதைச் சிலப்பதிகாரத்தால் அறிகிறோம். அவர்தம் கலங்களையும் மாடங்களையும் புலவர் பாடினர். ஆயின், மூன்று தலைமுறை கழித்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அடுப்பங்கரையில் எம்மொழி பேசினர் என்பதைப் பாடியவர் எவருமிலர். அரசர் வரலாற்றில் இடம்பெறாத அவ்வினாவே மக்கள் வரலாற்றின் முதல் வினா என்பது யாம் கொண்ட கருத்து. இக்கட்டுரையும் அவ்வினாவைப் பற்றியதே.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழரை நோக்கிப் பிற மொழியாளர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "புதுச்சேரியில் இன்றும் வீட்டுக்கு வீடு பிரெஞ்சு பேசுகிறார்களாமே?" என்பது. புனே கேம்புப் பகுதியில் வாழும் எமக்கும் இது பழகிய கேள்வி. 1674இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். இடையிடையே டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் பறித்துக்கொண்ட காலம் நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. நீதிமன்றத்தில் பிரெஞ்சு, பள்ளியில் பிரெஞ்சு, படையில் சேர்ந்தவனுக்கு ஓய்வூதியமும் பிரெஞ்சு நாட்டுப் பணம். 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையிலும் அம்மொழிக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இவ்வளவு அரண் இருந்தும், நெசவாளனும் மீனவனும் உழவனும் தமிழே பேசினர். பிரெஞ்சு அலுவலர் வீட்டிலும், கலப்பு மரபினரான கிரியோல் குடும்பங்களிலும், குடியுரிமை பெற்றோர் இல்லங்களிலும் தங்கிற்று, தெருவுக்கு வரவில்லை.

கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் சந்திரநாகூரின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆங்கிலேயர் நாட்டின் நடுவே ஒரு தீவு போல் பிரெஞ்சு ஆட்சியில் கிடந்த அவ்வூர், 1949 ஜூன் 19 அன்று வாக்களித்து இந்தியாவோடு சேர விரும்பியது. 1954இல் மேற்கு வங்காளத்தோடு இணைந்தது. அங்கே பிரெஞ்சைக் கட்டடங்களில் தேடலாம். கடைத்தெருவில் கேட்பது வங்காளமே.

ஆகவே, பெருநகரம் ஒன்றின் அருகே, தீவு போல் ஒதுங்கி, ஐரோப்பியச் சொற்களால் அமைந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் சிற்றூர் ஒன்றைக் காண வேண்டுமானால், பிரெஞ்சுக்காரர் ஆண்ட நிலத்தில் தேடிப் பயனில்லை. நம் புனேயிலிருந்து சகியாத்திரி மலையிறங்கிக் கொங்கணக் கரைக்குச் செல்லல் வேண்டும். அங்கே, மும்பைக்குத் தெற்கே கடல்வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கோர்லை என்னும் ஊர் இருக்கிறது. அவ்வூர்க் கிறித்தவர் பேசுவது போர்த்துகீசிய மொழியிலிருந்து பிறந்த ஒரு மொழி. போர்த்துகீசியர் அக்கரையை விட்டுப் போய் 280 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆள்வோர் இருந்தும் பரவாத பிரெஞ்சு ஒருபுறம். ஆள்வோர் போயும் போகாத இம்மொழி மறுபுறம். இதன் காரணம் யாது?

ஊரின் கிடக்கையை முதலிற் கூறுவோம். குண்டலிகா என்னும் ஆறு மலையிலிருந்து இறங்கி, ரோஹா நகரைக் கடந்து, அரபிக்கடலில் கலக்கிறது. கழிமுகத்தின் வடகரையில் ரேவதண்டா. அதனையொட்டிப் பழம்பெருமை வாய்ந்த சௌல். தென்கரையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் குன்று ஒன்று. அதன் மேல் கோட்டை. குன்றின் அடியிற் கோர்லை. கோட்டையின் உச்சியில் நின்று பார்ப்பவனுக்கு மூன்று பக்கம் நீர். நிலத்தோடு ஒட்டியிருக்கிறது என்பதால் நிலநூலார் இதனைத் தீவு என்று சொல்லார். ஆயின் கழியைத் தோணியிற் கடந்தே சௌலுக்கும் ரேவதண்டாவுக்கும் போக வேண்டியிருந்த காலத்தில், ஊராருக்கு அது தீவாகவே இருந்தது.

சௌல் சிறிய துறையன்று. தமிழகத்து முசிறியைப் பாடும் அதே செங்கடல் வழிகாட்டி நூல், செமில்லா என்ற பெயரில் இத்துறையைச் சுட்டுகிறது. 10ஆம் நூற்றாண்டில் அரபுப் பயணி மசூதி இங்கு வந்தார். 15ஆம் நூற்றாண்டில் உருசியாவிலிருந்து புறப்பட்ட வணிகர் அபனாசி நிகிதின் இந்திய மண்ணில் இறங்கியது இங்கேதான். குதிரையும் பட்டும் பருத்தித் துணியும் கைமாறிய இடம். எனவே போர்த்துகீசியர் கண் இதன் மேல் விழுந்ததில் வியப்பில்லை. 1508இல் இக்கழிமுகத்தில் எகிப்தியக் கப்பற்படையோடு நடந்த போரில், முதல் போர்த்துகீசிய ஆளுநர் அல்மெய்தாவின் மகன் லோரென்சோ உயிரிழந்தான். மறு ஆண்டு தியூவில் தந்தை பழி தீர்த்தார். 1521இல் அகமதுநகரத்து நிஜாம் ஷாவின் இசைவோடு வடகரையில் கோட்டை எழுப்பத் தொடங்கினர். 1570, 71இல் அதே அகமதுநகரத்தார் அக்கோட்டையை முற்றுகையிட்டும் கைப்பற்ற இயலவில்லை. தென்கரைக் குன்றில் அவர்கள் அமைத்த அரணையும் 1594இல் போர்த்துகீசியர் பிடித்துக்கொண்டனர். அக்குன்றே இன்றைய கோர்லைக் கோட்டை.

நிற்க. மொழி எவ்வாறு பிறந்தது என்பதைக் காண்போம். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அல்புகெர்க்கு, தம் படைவீரர் இந்நாட்டுப் பெண்களை மணந்து இங்கேயே தங்குவதை ஊக்குவித்தார். போர்த்துகலிலிருந்து பெண்கள் வருவது அரிதாதலின், இக்கொள்கை கோட்டைகள் தோறும் பரவியது. தந்தை பேசியது போர்த்துகீசியம். தாய் பேசியது மராத்தி. வீட்டில் அடிமைகளும் பணியாட்களும் வேறு வேறு ஊரார். இவர்கள் அனைவரும் ஒருவரோடொருவர் பேச ஒரு மொழி வேண்டும். சொற்கள் தந்தையிடமிருந்து வந்தன; அவற்றை அடுக்கும் முறை வரவரத் தாயிடமிருந்து வந்தது. இப்படிப் பிறந்த மொழிகளை மொழிநூலார் கிரியோல் என்பர்.

அக்காலத்தில் போர்த்துகீசியச் சொல் எட்டாத கடற்கரை இல்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழோடு போர்த்துகீசியத்தையும் கற்க நேர்ந்தது. ஆங்கிலக் கம்பெனிக்கு 1698இல் வழங்கப்பட்ட பட்டயமோ, இந்தியாவுக்கு வரும் தன் பாதிரிமார் போர்த்துகீசியம் கற்க வேண்டும் என்றே விதித்தது. ஆங்கிலேயரின் கோட்டைக்குள்ளேயே ஆங்கிலத்துக்கு இருந்த இடம் அவ்வளவுதான்! நாமும் தப்பவில்லை. சாவி, சன்னல், மேசை, அலமாரி, பீப்பாய், ஏலம், பாதிரி, மேஸ்திரி, ஆயா, அன்னாசி ஆகிய இச்சொற்களை நீக்கிவிட்டு ஒரு நாள் தமிழ் பேசிப் பார்க்கட்டும். மராத்தியரும் அவ்வாறே, உருளைக்கிழங்கு அவர்க்கு 'பட்டாட்டா', ரொட்டி 'பாவ்'. அரசு அலுவலகத்தில் மாதக் கடைசி நாளை எண்ணிக் காத்திருக்கும் எம்போன்றோர் நாவில் இனிக்கும் 'பகார்' என்ற சம்பளச் சொல்லும் போர்த்துகீசியர் விட்டுச் சென்றதே.

இனி ஆட்சி முடிந்த கதை. 1683இல் சத்திரபதி சம்பாஜி சௌலை முற்றுகையிட்டார். அப்போது அது வீழவில்லை. ஐம்பத்தாறு ஆண்டு கழித்து, பேஷ்வா முதலாம் பாஜிராவின் தம்பி சிமாஜி அப்பா 1739 மே மாதத்தில் வசைக் கோட்டையை வென்றார். பீமாசங்கரத்தில் வழிபடச் செல்லும் நம்மவர் அங்கே 1729 என்ற ஆண்டு பொறித்த ஐரோப்பிய மணி ஒன்றைக் கண்டிருப்பர். அது அவ்வெற்றியின் நினைவாக வந்த மணி. வசை போனபின் சௌலைத் தனியே காக்க இயலாது. 1740இல் உடன்பாடு ஏற்பட்டுச் சௌலும் கோர்லையும் மராத்தியர் கைக்கு வந்தன. கப்பல் ஏற வசதியுள்ளோர் கோவாவுக்குச் சென்றனர். அதிகாரிகள் சென்றனர், துறவியர் சென்றனர், பெருநிலக்காரரும் சென்றனர். போக இடமும் பொருளும் இல்லாத உழவரும் எளியோருமே எஞ்சினர். அவர்களின் வழித்தோன்றல்களே இன்றைய கோர்லைக் கிறித்தவர்.

இவ்விடத்தில் பேஷ்வாக்களைப் பற்றி ஒன்று கூறுதல் நேர்மை. போரில் கோட்டையைப் பறித்தவர்கள் வழிபாட்டைப் பறிக்கவில்லை. பின்னாளில் பேஷ்வா சவாய் மாதவராவ் தம் படையிலிருந்த கத்தோலிக்கருக்காகப் புனேயில் ஆலயம் எழுப்ப நிலம் வழங்கினார். 1792இல் அங்கே வழிபாடு தொடங்கியது. கேம்பை ஒட்டிய குவார்ட்டர் கேட் பக்கம் நாம் நாள்தோறும் கடந்து போகும் ஆலயம் அதுவே.

கோர்லையார் தம் மொழியை 'நோ லிங்' என்கின்றனர்; 'நம் மொழி' என்பது பொருள். கிறித்தவர் மொழி என்ற பொருளில் 'கிறிஸ்தி' என்றும் வழங்கும். மொழி என்னும் பொருளுடைய 'லிங்குவா' என்ற போர்த்துகீசியச் சொல் தேய்ந்து 'லிங்' ஆயிற்று. லிஸ்பனிலிருந்து வரும் ஒருவர் இதைக் கேட்டால் சொற்கள் சிலவற்றை அடையாளம் காண்பார். வாக்கியத்தைத் தொடர இயலாது திகைப்பார். ஏனெனில் போர்த்துகீசியத்தில் வினை நடுவில் நிற்கும். 'நான் தின்றேன் மீன்' என்பது போல். கோர்லையில் வினை, மராத்தியிலும் தமிழிலும் போல, இறுதிக்கு வந்துவிட்டது.

அமெரிக்க மொழியறிஞர் கிளான்சி கிளெமென்ட்ஸ் இம்மொழியை ஆராய்ந்து 1996இல் ஒரு நூலே எழுதினார். அவர் காட்டும் செய்திகளுள் எம்மை மிகவும் கவர்ந்தது ஒன்று. போர்த்துகீசிய வினைகள் மூன்று வகுப்பின. கோர்லை மொழியில் அம்மூன்றோடு நான்காவது வகுப்பு ஒன்றும் உண்டு. அது உகரத்தில் முடிவது. மராத்தியிலிருந்து கடன் வாங்கும் வினைகளை ஏற்பதற்கென்றே அம்மக்கள் அதனை ஆக்கிக்கொண்டனர். விருந்தினர்க்கென்று வீட்டில் ஓர் அறை கட்டி வைத்தது போன்றது இது. இதைச் சிதைந்த போர்த்துகீசியம் என்று இகழ்வது அறியாமை. இலக்கணம் எழுதாத மக்கள் இலக்கணம் இல்லாத மக்கள் அல்லர்.

இம்மொழி எதனால் நின்றது? மொழிப்பற்றினால் என்று விடை கூற நாம் விரும்புவோம். விழா மலர்களில் அவ்வாறு எழுதுவது வழக்கமும்கூட. உண்மை அத்துணை இனிமையானதன்று. சமயத்தால் இவர்கள் சுற்றியிருந்த இந்துக்களினின்றும் முசுலிம்களினின்றும் பிரிந்தனர். கிறித்தவரேயாயினும், தாழ்ந்த சாதியிலிருந்து மாறியோரின் வழியினர் ஆதலால், மேனிலைக் கிறித்தவரோடும் மணவுறவு இல்லை. எனவே பெண் கொடுத்தலும் கொள்ளலும் ஊருக்குள்ளேயே நிகழ்ந்தன. மருமகளாக வந்தவளும் அதே மொழி பேசினாள். அவள் பெற்ற பிள்ளையும் அதே மொழி பேசிற்று. வழிபாட்டை நடத்த வந்த கோவாப் பாதிரிமாரால் மூலமொழியின் ஓசை ஊரில் ஒலித்துக்கொண்டிருந்தது. நிலம் இருந்தது, மீன் இருந்தது. வெளியே போய்ப் பிழைக்க வழியில்லை. கழிநீரும் சாதிச்சுவரும் வறுமையும் சேர்ந்து அம்மொழியைக் காத்தன. ஒரு மொழி வாழ்வதற்கு இவ்விலை கொடுக்க வேண்டும் என்றால், அதனை வேண்டும் என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

இக்கருத்துக்கு எதிர்ச்சான்று மும்பையே. கோவாவில் பிறந்த பேரறிஞர் செபஸ்தியாவ் ரொடோல்போ டல்காடோ 1906இல் வடபுலத்து இந்தோ-போர்த்துகீசியத்தைப் பற்றி எழுதினார். மும்பை, அதன் சுற்றுப்புறம், வசை, சௌல் ஆகிய பகுதிகளின் கிறித்தவப் பேச்சு அதில் ஆராயப்பட்டது. மும்பைத் தீவுகள் 1661இன் திருமண உடன்படிக்கையால் ஆங்கில மன்னர்க்குச் சீதனமாகி, 1668இல் கம்பெனியை அடைந்தவை. அங்கிருந்த கிறித்தவர்க்குத் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை கிடைத்தது. ஆங்கிலப் பள்ளிகள் திறந்தன. கோவாவிலிருந்து வேலை தேடி வந்தோரினின்று தம்மை வேறுபடுத்திக் காட்ட, 1887இல் அவர்கள் 'ஈஸ்ட் இந்தியர்' என்ற பெயரைச் சூடிக்கொண்டனர். வாழ்வு உயர்ந்தது, மராத்தியும் ஆங்கிலமும் வீட்டை நிறைத்தன, பழைய கிரியோல் மறைந்தது. வாய்ப்பு வந்த இடத்தில் மொழி போயிற்று. வாய்ப்பு வராத கோர்லையில் மொழி நின்றது.

கொச்சி நகரை அடுத்த வைப்பின் தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவரே அப்பக்கத்துப் போர்த்துகீசியக் கிரியோலைச் சரளமாகப் பேசியவர்களுள் கடைசியானவர். 2010இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 500 ஆண்டுப் பேச்சு அடங்கியது. ஈழத்து மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் சிலர் இத்தகைய மொழி ஒன்றை இன்றும் பேசுகின்றனர். மட்டக்களப்பை டச்சுக்காரர் 1638இலேயே கைப்பற்றினர் என்பதை எண்ணினால், கோர்லையினும் நெடிய வாழ்வு அது. தமிழர் நடுவே வாழ்ந்தமையால் அம்மொழியின் வேற்றுமை உருபும் வினைநிலையும் தமிழ்ப்போக்கில் அமைந்துவிட்டன. சொல் போர்த்துகீசியம், நடை நம்முடையது. 2004 ஆழிப்பேரலை அவர்களது கடலோரக் குடியிருப்பையும் வாரிச் சென்றது.

நம் கண்ணாடியிலும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின், பிரெஞ்சுத் தீவாகிய ரீயூனியனின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். 1882இல் அப்போக்குவரத்து நின்றது. இன்று அவர் வழியினர் தீமிதிக்கின்றனர், காவடி எடுக்கின்றனர், கோவிலில் தமிழ் மந்திரமும் ஒலிக்கிறது. வீட்டில் பேசுவதோ பிரெஞ்சுக் கிரியோல். தெய்வங்களைக் காப்பாற்றிய அவர்களால் மொழியைக் காப்பாற்ற முடியவில்லை. தோட்டங்களில் பல ஊராரோடு கலந்து, பெண்டிர் குறைவாகச் சென்ற கூட்டத்தில், அடுப்பங்கரை மொழி மாறிவிட்டது.

மறுபக்கம் தஞ்சாவூர். 1676இல் வெங்கோஜி அங்கே ஆட்சி அமைத்தார். 1855இல் அம்மரபு முடிந்தது. ஆட்சி ஒழிந்து நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தஞ்சை மராத்தியர் பலர் இல்லத்தில் மராத்தி பேசுகின்றனர். பெரிய கோவிலில் 1803இல் இரண்டாம் சரபோஜி வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டைப் புனேக்காரர் படித்துவிடுவர். தஞ்சை வீட்டுப் பேச்சைக் கேட்டால் புன்னகைப்பர். பழைய சொல்லும் தமிழ்க் கலப்பும் நிறைந்த மராத்தி அது. அவர்களைப் பார்த்து 'இது மராத்தியா?' என்று கேட்பது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு சென்னையிலிருந்து வரும் உறவினர் நம் பிள்ளைகளைப் பார்த்து 'இது தமிழா?' என்று நகைப்பது. காய்கறியைப் 'பாஜி' என்றும், மளிகையைக் 'கிராணா' என்றும் சொல்லும் பிள்ளை தமிழை இழந்த பிள்ளையன்று. அது கோர்லைக்காரர் கட்டியதுபோல் ஒரு நான்காம் அறை கட்டிக்கொண்டிருக்கிறது. வினை முற்று தமிழாக இருக்கும் வரை எமக்கு அச்சமில்லை. வாக்கியம் முழுவதும் மாறி, 'அம்மா' என்ற விளி மட்டும் தமிழாக நிற்கும் வீடுகளும் கேம்பில் உண்டு. அங்கேதான் எம் கவலை.

கேம்பு 1817இல் கிர்க்கிப் போருக்குப் பின் ஆங்கிலேயர் அமைத்த படைவீடு. படையோடும், இரயில்வேயோடும், நடுவண் அரசு அலுவலகங்களோடும் நம்மவர் இங்கு வந்தனர். நம்மைச் சுற்றிக் கழியும் இல்லை, கோட்டையும் இல்லை, மணம் முடிக்க ஊரெல்லை என்ற தடையும் இல்லை. அவை இல்லாதிருப்பது நன்றே. கோர்லையைக் காத்தவை எவையும் நம்மிடம் இல்லை என்பதையும், மும்பையில் கிரியோலை மறையச் செய்தவை யாவும் நம்மிடம் உண்டு என்பதையும் மறவாமல், சங்கங்கள் தம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைப் பற்றி முடிவெடுத்தல் வேண்டும். ஆண்டு விழாவுக்குச் செலவிடும் பணத்தில் பாதி அவ்வகுப்புக்குப் போனால் நன்று என்பது எம் தனிக்கருத்து, செயற்குழுவினர் பொறுத்தருள்க.

கோர்லையிலும் இப்போது நிலை மாறி வருகிறது. 1960களின் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் உலகெங்கும் வழிபாடு அந்தந்த நாட்டு மொழிக்கு மாறிற்று. கோர்லை ஆலயத்தில் அது மராத்தியாயிற்று. பள்ளிப் பாடமும் மராத்தியே. 1980களில் குண்டலிகாவின் மேல் பாலம் அமைந்தது. அதுவரை தோணிக்குக் காத்திருந்தவர் இப்போது பேருந்தில் ஏறி அலிபாகுக்கும் மும்பைக்கும் போகின்றனர். நோயாளியைக் கழி கடத்த முடியாமல் தவித்த ஊரில் அப்பாலத்தை எவரும் குறை கூறார். ஏறத்தாழ ஆயிரம் பேர் இன்னும் அம்மொழியைப் பேசுகின்றனர். பாட்டிமார் பேரக்குழந்தையைக் கூப்பிடுவது நோ லிங்கில். குழந்தை பல வேளைகளில் மறுமொழி தருவது மராத்தியில். உகரத்தில் முடியும் அந்த நான்காம் வினைவகுப்பில் மட்டும் புதிய சொற்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.